மைக் சார் ‘அவுங்க’ளைத் தேடிய கதை

உலகத்தில் எத்தனை பாஷை இருக்கிறதோ அத்தனையிலும் ஒரே ஒரு வார்த்தை மட்டும் தெரிந்த மனிதர் ஒருவர்தான் இதுவரை பிறந்திருக்கிறார். அவர் என் மெஸ்ஸில்தான் சாப்பிட்டார். ரேணிகுண்டாவில் அவரைத் தெரியாதவர் கிடையாது, அவர் பெயரைத் தெரிந்தவரும் கிடையாது. ‘மைக் சார்’ என்றால் போதும், ரிக்‌ஷாக்காரர் நேராக என் மெஸ் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

அந்த ஒரு வார்த்தை ‘அவர்கள்’. பேச்சில் ‘அவுங்க’ என்கிறோமே, அது. தெலுங்கில் வாள்ளு, கன்னடத்தில் அவரு, இந்தியில் வோ லோக், வங்காளத்தில் ஓரா, நேபாளக் கூர்க்கா சொன்னபடி உனிஹரு, மலேசியா போய்வந்த கொத்தனார் சொன்னபடி மெரேக்கா. இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு எந்த ஊரிலும் ஒரு டீ வாங்க முடியாது. மனிதரைக் கொண்டுபோய் நேபாளத்தில் விட்டால் பட்டினியில் செத்துப்போவார். ஆனால் சாவதற்கு முன்பு, தூரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாலு பேரைக் கைகாட்டி, ‘அவுங்க’ என்று அந்த ஊர்ப் பாஷையில் சுத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் சாவார்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. கங்காதர நெல்லூர் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. ஒரு சாண் நிலம் கிடையாது. படிப்பு நாலாங்கிளாஸ். சித்தூர் ஓட்டலில் டேபிள் துடைத்தேன், சப்ளையர் ஆனேன், சரக்கு மாஸ்டர் ஆனேன், பிறகு ரேணிகுண்டாவில் சொந்தமாக மெஸ் போட்டேன். இன்றைக்குத் திருப்பதியில் இரண்டு லாட்ஜ் என்னுடையது. எம்.பி.ஏ. படித்த பிள்ளைகள் என்னிடம் வேலை கேட்டு வந்து ‘சார்’ என்கிறார்கள். தானாக வளர்ந்தவன் யாரையும் சட்டென்று மெச்சிவிட மாட்டான். நான் ஒரு மனிதரைப் பற்றி உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் அவரிடம் ஏதோ இருந்தது என்று அர்த்தம்.

மைக் சார் ரேணிகுண்டா ஜங்ஷனில் அறிவிப்புச் சொல்கிற வேலையில் இருந்தவர். எந்த வண்டி எந்த பிளாட்பாரத்தில் வரும் என்று தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ், கேட்டால் தமிழிலும் சொல்லுவார். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஒரு பெண்ணின் குரலைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டு அதுவே ஒட்டிப் பேச ஆரம்பித்தது. மைக் சாருக்கும் ஓய்வு வயது வந்துவிட்டது. மனைவி முன்பே போய்விட்டார். ஒரே மகள் நெல்லூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். இவர் என் மெஸ் மாடியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, மூன்று வேளையும் கீழே இறங்கிவந்து சாப்பிட்டார்.

என் மெஸ்ஸிலிருந்து ஸ்டேஷன் அறிவிப்பு நன்றாகக் கேட்கும். இன்ன வண்டி இத்தனை மணி நேரம் தாமதம், ‘அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்’ என்று அந்தப் பெண் குரல் சொல்லும். உடனே மைக் சார் சோற்றில் கையை வைத்தபடி அதனோடு சண்டைக்குப் போவார்.

“நீ எங்கம்மா வருந்துன? நீ அங்கேயே இல்ல. நான் வருந்தனேன். ஒரு வண்டி லேட்டுன்னா எனக்குச் சோறு எறங்காது. இதோ இந்த மொதலாளியக் கேட்டுப் பாரு.”

நான் என்னத்தைச் சொல்ல? எனக்குத் தெரிந்து அவருக்குச் சோறு இறங்காத நாள் ஒன்றுகூடக் கிடையாது.

இந்த ‘அவுங்க’ பைத்தியம் அவருக்குப் பிடித்தது எப்படி என்று ஒருநாள் கேட்டேன். திருப்பதிக் கூட்டம் வருகிற ஸ்டேஷன் அல்லவா, தினமும் யாராவது தொலைந்துபோவார்கள். தேடித் தரும் அறிவிப்பும் இவர் தலையில்தான். ஒருமுறை, மொட்டை போட்ட, வெள்ளை வேட்டி கட்டிய, நெற்றியில் நாமம் வைத்த பெரியவர் எங்கிருந்தாலும் அறிவிப்பு அறைக்கு வரவும் என்று சொல்லிவிட்டாராம். கீழ்த்திருப்பதியிலிருந்து மேல்திருப்பதி போய்வந்த ஆண்பிள்ளை எல்லோருக்கும் அதே அடையாளம்தான். ஒரு பெட்டி நிறைய மொட்டைப் பெரியவர்கள் வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றார்களாம். அதில் தேடப்பட்டவர் மட்டும் இல்லை. எல்லோரும் தங்கள் வீட்டாரைத் தொலைத்துவிட்டு, நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வந்தவர்கள்.

“அது போகட்டும்,” என்றார். “ஒரு நாளு ஒரு கொயந்த. நாலு வயசு இருக்கும். போர்ட்டர் தூக்கிக்கினு வந்து எம் மேசமேல உக்கார வெச்சுட்டான். இன்னா கேட்டாலும் ‘ஓரா, ஓரா’ன்னு அழுவுது. சரி, அதும்பேருதான் ஓரான்னு நெனச்சு, ஓரா என்கிற குழந்தை இங்கே இருக்கிறதுன்னு நாலு பாஷையில சொன்னேன். ஒருத்தரும் வரல. கடேசியில பெத்தவங்களே தேடிக்கினு வந்து சேந்தாங்க. கல்கத்தாக்காரங்க. அது பேரு ஓரா இல்லியாம் மொதலாளி. ஓரான்னா அவங்க பாஷையில அவுங்க. ‘அவுங்க போய்ட்டாங்க’ன்னு சொல்லிக்கினு இருந்திருக்குது.”

ரசத்தை ஊற்றச் சொன்னார்.

“யோசிச்சுப் பாரு. தொலைஞ்சுபோன கொயந்த ‘நான் தொலைஞ்சுட்டேன்’னு சொல்லல. அது அங்கியேதான இருக்குது. அவுங்கதான் காணாமப் போய்ட்டாங்க.”

அன்றிலிருந்துதான் தேட ஆரம்பித்திருக்கிறார். எழுதி வைக்கிற பழக்கம் இல்லை; எல்லாம் மண்டைக்குள்தான். பாஷை தெரியாதவனிடம் ஒரு வார்த்தை வாங்குவது லேசான வேலை இல்லை. ‘நான்’ என்று கேட்க வேண்டுமானால் நெஞ்சில் தட்டலாம். ‘நீ’ என்றால் எதிரில் இருப்பவனைக் காட்டலாம். ‘அவுங்க’ளுக்குத் தூரத்தில் நிற்கிற கும்பலைக் காட்டித்தான் ஆகவேண்டும். இவர் அப்படிக் காட்டினதும் குஜராத் யாத்ரீகர்கள் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கும்பல் திருட்டுக் கும்பல் என்று இந்தப் பெரியவர் எச்சரிக்கிறார் என்று நினைத்து, கையெடுத்துக் கும்பிட்டு, ஓட்டமாக ஓடிவிடுவார்கள். குஜராத்தி வார்த்தை கிடைக்க அவருக்கு வருஷக்கணக்கில் ஆயிற்று.

பஞ்சாபி வார்த்தை சீக்கிரமே கிடைத்தது. ஒரு லாரி டிரைவரிடம் கேட்டார். அப்போது இவர் காட்டிய நாலு பேர் அந்த லாரி டயரின்மேல் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஒரு வார்த்தை சொன்னான். மைக் சார் அதைப் பத்திரமாக வைத்திருந்து, ஆறேழு மாதம் கழித்து வந்த ஒரு பஞ்சாபிக் குடும்பத்தின் தாத்தாவிடம், அந்த வீட்டுப் பெண்களைக் கைகாட்டி மரியாதையாகச் சொன்னார். தலைப்பாகை கட்டிய பேரன் இவரைச் சட்டையோடு சேர்த்துத் தூக்கினான். நான் குறுக்கே விழுந்து காப்பாற்றி, எல்லோருக்கும் லஸ்ஸி கொடுத்து அனுப்பினேன். லஸ்ஸி என் கணக்கு.

“சார், இத்தனை பாஷையில அந்த ஒரு வார்த்தைய வெச்சுக்கினு இன்னா பண்ணப் போற?” என்று அன்றைக்குக் கேட்டேவிட்டேன்.

கிழிந்த காலரைத் தடவிக்கொண்டே சொன்னார்: “நான்னா ஒரு ஆளு. நீன்னா எதிர்ல நிக்கற ஆளு. அவுங்கன்னா எப்பவும் அங்க இல்லாத ஆளு. பாவம் மொதலாளி. எந்த ஊர்ல பேசினாலும் அவுங்க பக்கம் பேச ஒருத்தன் இருக்க மாட்டான்.”

வெளிநாட்டுக் கம்பெனிகள் நம்ம பக்கம் எட்டிப்பார்க்க ஆரம்பித்த காலம் அது. ஒரு தொழிற்சாலையில் மெஷின் பூட்ட வந்த ஜெர்மனிக்காரர் ஒருவர் என் தயிர்சாதத்துக்கு அடிமையாகித் தினமும் மெஸ்ஸுக்கு வந்தார். (என் தயிர்சாதம் அப்படி.) கூட வந்த இன்ஜினீயர் மூலமாக மைக் சார் கேட்டார். ‘அவுங்க’ளுக்கு ‘ஸீ’ என்றார் ஜெர்மனிக்காரர். அவளுக்கும் ஸீதானாம். மரியாதையாக ‘நீங்கள்’ என்று கூப்பிட்டாலும் ஸீதானாம்.

மைக் சார் இலை காயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“அந்த ஊர்ல அங்க இல்லாதவங்களத் திட்டினாலும் எதிர்ல நிக்கறவங்களத் திட்டின மாதிரி கேக்கும் போல. எவ்ளோ பயமா இருக்கும் பாரு.”

“வசதின்னு சொல்லு சார். ஒரே திட்டுல மூணு பேரு,” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இன்னொரு நாள் குவைத்தில் டிரைவர் வேலை பார்த்துவிட்டு வந்த புத்தூர்ப் பையன் அரபி வார்த்தை கொண்டுவந்தான். அரபியில் ஆண்கள் கூட்டத்துக்கு ஹும், பெண்கள் கூட்டத்துக்கு ஹுன்ன, இரண்டே பேர் என்றால் அதற்குத் தனியாக ஹுமா. மைக் சாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டு பேரைக் கும்பலோடு சேர்க்காமல் தனியாக வைக்கிற பாஷை ஒன்று இருக்கிறதே என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். நானும் என் வீட்டுக்காரியும் கோயிலுக்குப் போய்த் திரும்பினால் மாடியிலிருந்து, “ஹுமா வந்தாச்சு,” என்று அறிவிப்பார். நான் முறைப்பேன். என் வீட்டுக்காரி அவருக்கு அன்றைக்கு ஒரு வடை கூடுதலாக அனுப்புவாள்.

எனக்கும் அந்த வார்த்தையில் ஒரு பங்கு உண்டு. எங்கள் ஊரில் நிலக்காரர்கள் என் நைனாவை ‘அவன்’ என்பார்கள். அவர்கள் வீட்டில் மூக்கொழுகுகிற பையனும் ‘அவன்’ என்பான். கூலி வாங்கப் போனால் ‘அவன் வந்திருக்கான்’ என்று உள்ளே குரல் போகும். அம்மா மட்டும் அவரை அப்படிச் சொன்னதில்லை. ‘அவுங்க இன்னும் வரல’, ‘அவுங்க துன்னட்டும், அப்புறம் நாம துன்லாம்.’ ஒற்றை ஆளான என் நைனாவை ஊரில் ஒரு கூட்டமாக நினைத்துப் பேசிய ஒரே ஆள் என் அம்மாதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை; மைக் சாரிடம் ஒருநாள் பாக்கு மென்றுகொண்டே சொன்னேன்.

அவர் கேட்டுவிட்டு, “நம்ம ஜனம் அந்த வார்த்தைய ரெண்டுக்கும் வெச்சிருக்குது. தள்ளி வெக்கறதுக்கும் அதுதான், தூக்கி வெக்கறதுக்கும் அதுதான்,” என்றார். என் வெற்றிலைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மெஸ்ஸுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தேன். புது ஃபாக்டரிகளுக்கு ஒரிசாவிலிருந்து வந்த ஆட்கள் அவற்றில் இருந்தார்கள். பெரும்பாலும் தனிக்கட்டைகள். சுதாம் என்று ஒருவன் மட்டும் பெண்சாதியோடு இருந்தான். அவள் பெயர் மினதி. திருப்பதி ஆஸ்பத்திரியில் குழந்தை பெற்றுக்கொண்டு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. புருஷன் வேலைக்குப் போய்விட்டால் அவளோடு பேச அந்தத் தெருவில் ஒரு நாதி கிடையாது. பாஷை தெரியாது.

அந்த வருஷக் கோடையில் தெரு போர்வெல்லில் தண்ணீர் கீழே போய்விட்டது. டாங்கர் எப்போது வரும் என்று தெரியாது. குடம் உரசினால் சண்டை. தெருவின் வாய் பால்காரக் கோவிந்தம்மா. எருமைகள் வைத்துப் பால் ஊற்றுகிறவள். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாள். கோபம் வந்தால் எதில் முடிப்பாள் என்று சொல்ல முடியாது. ஒரு வியாழக்கிழமை நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு என் கல்லாவுக்கு எதிரில் வந்து நின்றாள்.

“மெஸ்ஸன்னா, இதப் பாரு. எம் எருமைங்களுக்குக் குடிக்க நீள்ளு லேவு, சொட்டுத் தண்ணி இல்ல. ஒன் ரூம்ல கீறானுங்களே, அவனுங்க நாலு வாட்டி குளிச்சிக்கினு கீறானுங்க. ராத்திரில வந்து புடிச்சிக்கினு போயிடறானுங்க.”

“நீ பாத்தியா?”

“நான் எதுக்குப் பாக்கணும்? எல்லாருக்கும் தெரியும். ஞாயித்துக்கெழமைக்குள்ள அவனுங்களக் காலி பண்ணு. இல்லாகாட்டி டாங்கர் லாரி இந்தத் தெருவுக்குள்ள வராது. ஒன் மெஸ்ஸுக்கும்தான்.”

மெஸ் என்றால் தண்ணீர். தண்ணீர் இல்லாமல் என்ன சமைக்க? நான் வியாபாரி. அன்று சாயந்திரமே ஒரிசாக்காரர்களைக் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டேன். தனிக்கட்டைகள் ஃபாக்டரி ஷெட்டிலேயே படுத்துக்கொள்கிறோம் என்றார்கள். சுதாம் திரும்பித் தன் அறைக் கதவைப் பார்த்தான். கைக்குழந்தையோடு ஒரு பெண்ணை ஷெட்டில் படுக்க வைக்க முடியாது. அவனுக்கு வேறு அறை கொடுக்க ரேணிகுண்டாவில் அந்த வாரத்தில் ஒருவரும் தயாராக இல்லை.

மைக் சார் சாப்பிட வந்து கேட்டார். “யாரக் காலி பண்ணச் சொல்றாங்க?”

“அவனுங்களத்தான்.”

“அவனுங்கன்னா யாரு?”

“சார், ஒம் பாஷை வெளையாட்டுக்கு இது நேரம் இல்ல.”

“நான் வெளையாடல. தண்ணி எடுத்தவங்களத் தேடணும்னா அவுங்க யாருன்னு தெரியணும் இல்ல? தொலைஞ்சவங்களத் தேடறது என் வேல.”

மறுநாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கதவைத் தட்டி, மிகவும் மரியாதையாக, “மன்னிக்கணும். அவுங்கன்றது நீங்கதானா?” என்று கேட்டார். தெலுங்கு வீட்டில், “வாள்ளண்டே மீரேனா?” என்று கேட்டார். கோவிந்தம்மா, “நான் இல்ல, ஒரிசாக்காரனுங்க,” என்றாள். ஒரிசாக்காரர்களிடம் போனார். அவர்கள் சிரித்துவிட்டு எருமைக் கொட்டகையைக் காட்டினார்கள்; ஒரு எருமை குடிக்கிற தண்ணீரில் நாங்கள் எல்லோரும் குளிக்கலாம் என்றார்கள். கொட்டகைக்குப் பக்கத்து வீட்டு ஃபிட்டர் நகரியிலிருந்து வந்த தையல்காரரைச் சொன்னார். தையல்காரர் எதிர்வீட்டு மாடியைச் சொன்னார். மாடிவீட்டு அம்மாள், கேட்டதே அவமானம் என்று கதவைச் சாத்தினாள். தெருவை முழுசாகச் சுற்றிவிட்டு மத்தியானம் வியர்த்து ஊற்ற என் கல்லாவுக்கு வந்து சேர்ந்தார்.

“இன்னா சார், கெடச்சாங்களா?”

“கடேசியா நாலு வீட்டுல ஒன்னத்தான் சொன்னாங்க. மெஸ்ஸுக்காரன்தான் ராத்திரி மோட்டார் போட்டு உறிஞ்சிக்கினு இருக்கானாம்.”

எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது. “எவன் சொன்னான்?”

“அவுங்கதான்,” என்றார்.

சனிக்கிழமை சாயந்திரம். தெருமுனையில் கங்கம்மா ஜாத்திரைக்காக மைக் செட் கட்டியிருந்தார்கள். பாட்டுக்கு நடுவில் செட்காரன் டீ குடிக்கப் போனான். மைக் சார் போய் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு தன் ஸ்டேஷன் குரலை எடுத்தார்.

“கனிவான கவனத்திற்கு. இந்தத் தெருவின் தண்ணீரையெல்லாம் தீர்த்துவிட்டதாகச் சொல்லப்படும் ‘அவர்கள்’ எங்கிருந்தாலும் உடனடியாக மெஸ் வாசலுக்கு வரவும். தெருவார் அவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.”

பிறகு தெலுங்கில் சொன்னார், இந்தியில் சொன்னார், இங்கிலீஷில் சொன்னார். மற்ற பாஷைகளில்தான் அவருக்கு முழு வாக்கியம் கிடையாதே. அதனால் வெறும் வார்த்தையை மட்டும், வண்டி பெயர் சொல்கிற ராகத்தில், ஒவ்வொன்றாக விட்டார். அவரு. ஓரா. உனிஹரு. மெரேக்கா. கடைசியில் ஒரிய பாஷையில்: “சேமானே… சேமானே… சேமானே…”

தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. யார் அந்த ‘அவர்கள்’ என்று பார்க்கிற ஆசை எல்லோருக்கும். தையல்காரர் கழுத்தில் டேப்போடு வந்தார். மாடிவீட்டு அம்மாள் மாடியிலிருந்தே எட்டிப் பார்த்தாள். கோவிந்தம்மா எருமைக் கயிற்றைப் பிடித்தபடி வந்தாள், எருமையும் வந்தது.

“வந்துட்டாங்களா?” என்று ஃபிட்டர் கேட்டார்.

“யாரு?”

“அவுங்கதான்.”

“இன்னும் வரல போல,” என்றார் தையல்காரர்.

கொஞ்ச நேரம் எல்லோரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எங்கேயோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். அது பரவுவதற்குள் பின்பக்கச் சந்திலிருந்து மினதி ஓடிவந்தாள். குழந்தை மார்பில். காலில் செருப்பு இல்லை. முக்காடு நழுவியதுகூடத் தெரியவில்லை. எங்களில் ஒருவரையும் அவள் பார்க்கவில்லை; எங்கள் தலைகளுக்கு மேலாக ரோட்டைத் தேடினாள். மூச்சு வாங்க, மைக் சாரிடம் போய்க் கேட்டாள்.

“சேமானே ஆசிலே கி?”

மைக் சாருக்கு முதல் வார்த்தை மட்டும் தெரியும். மற்றது தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டார்.

சுதாம் பின்னாலேயே ஓடிவந்தான். வெட்கத்தோடு, அரைகுறைத் தெலுங்கில் சொன்னான். அவளுடைய அம்மாவும் நைனாவும் குழந்தையை இன்னும் பார்க்கவில்லை. வருகிறோம் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். தினமும் அவர்களுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒரு மைக்கில் அவள் பாஷை கேட்டது இதுதான் முதல்முறை. ‘அவர்கள், அவர்கள்’ என்று தன் பாஷையில் கூப்பிட்டதும் அம்மா வந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டாள். ‘அவர்கள் வந்துவிட்டார்களா?’ என்று கேட்கிறாள்.

மினதிக்கு மெல்லப் புரிந்தது, யாரும் வரவில்லை என்று. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். சத்தமில்லாமல் அழுதாள்.

கோவிந்தம்மா எருமைக் கயிற்றை என் கையில் திணித்தாள். நான் மறுக்க நேரம் இல்லை. நேராகப் போய்க் குழந்தையை வாங்கி, தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“பெத்தவங்க இன்னும் வந்து பாக்கலியா? கர்மம், கர்மம்.” பிறகு அந்தப் பெண்ணின் கன்னத்தைப் புறங்கையால் துடைத்து, “ஏடவகு தல்லி, அழாத. வருவாங்க. அவுங்க வர்ற வரைக்கும் நீ எங்கயும் போவாத,” என்றாள்.

சொன்னபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். திரும்பி, கூட வந்திருந்தவர்களைப் பார்த்தாள். ஃபிட்டர் செருப்பைப் பார்த்தார். நான் எருமையைப் பார்த்தேன். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கையில் எருமைக் கயிறு இருக்கும்போது கருத்துச் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. அறையைக் காலி செய்யச் சொல்லி என்னிடம் யாரும் வரவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தனிக்கட்டைகளும் ஷெட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். தண்ணீர் மட்டும் திரும்பி வரவில்லை. மழை பிடிக்கும்வரை டாங்கர்தான். சண்டை நின்றது என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். தினமும் சண்டைதான். ஆனால் ‘அவனுங்க’ என்று சொல்லிச் சண்டை போடுவது குறைந்துபோயிற்று. “ஏ சுதாமு, ஒங் குடத்த நகத்து,” “கோவிந்தம்மா, எருமை சைடு கரோ,” என்று பெயர் சொல்லிச் சண்டை போட்டார்கள். டாங்கர் வரும் நேரத்தை மைக் சார் மாடியிலிருந்து, மைக் இல்லாமல், வண்டி வருகிற மாதிரி அறிவித்தார். டாங்கர் தாமதமானால் அசௌகரியத்துக்கு வருந்தினார்.

மழை முடிந்து மினதியின் பெற்றோர் வந்தார்கள். கூட்டிவர சுதாமோடு மைக் சாரும் ஸ்டேஷனுக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கிழவியும் கிழவரும் அரிசிப்பொரி மூட்டையோடு இறங்கி, மிரண்டுபோய் நின்றார்கள். மைக் சார் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவர்கள் எதிரில் நின்றார். என்னவோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். வாயைத் திறந்தார், மூடினார். கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கிழவரின் மூட்டையை வாங்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவருக்குத் தெரிந்த வார்த்தை எதிரில் நிற்பவர்களுக்கு ஆகாதல்லவா.

சுதாம் இன்று என் லாட்ஜில் மேனேஜர். அன்று கையில் இருந்த குழந்தை வளர்ந்து கல்யாணமாகி, அவளே ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு பெங்களூரில் இருக்கிறாள். மைக் சாரை மகள் நெல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தொண்ணூறை நெருங்குகிறார். இரண்டு காதும் போய்விட்டது. மெஷின் வைத்தால் இரைகிறது என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்.

ஆனாலும் வாரம் ஒரு நாள் போன் போடுகிறேன். மகள் போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொள்வாள். நான் இந்தப் பக்கத்திலிருந்து கத்துவேன். சுதாம் எப்படி இருக்கிறான், மினதிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது, கோவிந்தம்மாவின் பேரன் எந்த ஊரில் இருக்கிறான், யார் வீட்டில் என்ன விசேஷம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கத்துவேன். என் மருமகள் கதவைச் சாத்திக்கொள்வாள். லாட்ஜ் வரவேற்பில் இருக்கிற பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். நான் சொல்வதில் ஒரு வார்த்தைகூட அவருக்கு விழுவதில்லை என்று அவர் மகள் தயங்கித் தயங்கி என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

எனக்குத் தெரியும் என்றேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசினேன்.